தாது வருஷமா, விளம்பி வருஷமா?

அல்சூர், பெங்களூரு

2024 ஜூன் 3

தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடி வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் நாங்கள் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1876இல் தொடங்கிய அப்பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் கடுமையாக வாட்டியது. பட்டினிக்குத் தப்பியவர் பட்டினி கிடந்த சீமைக்கே வந்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. இன்று அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு போக்கியப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். கொள்ளுத் தாத்தா தம் புன்செய் நிலத்தை 80 ரூபாய்க்குப் போக்கியம் விட்டிருக்கிறார். தேதியாக 'விளம்பி வருஷம் மாசி மாதம்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜூன் 9

வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், இந்த விளம்பி 1898-99ஆகவும் இருக்கலாம், 1958-59ஆகவும் இருக்கலாம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற வரி இரண்டு காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. நூறு ரூபாய்க்குக் குறைந்த அடமானத்தைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை என்பதால் சார்பதிவாளர் முத்திரையும் கிடையாது. முத்திரைத்தாளின் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் வழக்குத் தீர்ந்தது: அசோகத் தூண் இல்லை, விக்டோரியா ராணியின் தலை இருந்தது. ஆக, 1899 மாசியில் கொள்ளுத் தாத்தா இன்னும் ஊரில்தான் விவசாயம் செய்துகொண்டிருந்தார்.

ஜூன் 22

பத்திரத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் பேசுகிறது. வேறொரு கையெழுத்தில், மை பழுப்பேறி, 'சுபகிருது வருஷம் ஐப்பசி மாதம் பெங்களூர் தண்டிலிருந்து அனுப்பிய ரூபாய் 20 வரவு' என்று ஒரு வரி இருக்கிறது. தண்டு என்பது ஆங்கிலேயரின் படைமுகாமாக இருந்த கண்டோன்மென்ட் பகுதி. சுபகிருது 1902-03. பஞ்சத்துக்குக் கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தை மீட்கும் பணத்தைச் சம்பாதிக்க அவர் வந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகத் தண்டுக்கு 1864 முதலே ரயில் ஓடியது; வாணியம்பாடிக்காரருக்கு வழி கேட்க வேண்டியிருந்திருக்காது.

ஜூலை 7

ஊர்ப் பக்கத்து ஆவணங்களைத் தேடுவதற்கு முன் ஜில்லாவை முடிவு செய்துகொள்வது நல்லது. பத்திரம் 'சேலம் ஜில்லா திருப்பத்தூர் தாலுக்கா' என்கிறது; 1911இல் அத்தாலுக்கா வட ஆற்காட்டுக்குப் போய், பின்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் தனி மாவட்டமாயிற்று. எனவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் ஜில்லாக் கட்டுகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெங்களூரிலும் இதே கதைதான்: 1947 வரை தண்டு ஆங்கிலேயர் நிர்வாகத்திலும் பழைய நகரமான பேட்டை மைசூர் அரசின் கீழும் இருந்தன, 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. கொள்ளுத் தாத்தா தண்டைச் சேர்ந்த அல்சூரில் இறந்தவர் என்பதால், பேட்டை நகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். அவர் அசையவில்லை. "பஞ்சத்திலே வந்தது அவரோட மாமனார் வீடுடா, இவரு இல்லே" என்றார். அப்படியானால் கொள்ளுப் பாட்டியின் பிறந்த வீட்டைத் தேட வேண்டும். கையில் உள்ள பத்திரத்தில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.