அந்த முதல் படியைப் பார்த்தது யார்?

எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுமந்த சிறுவன் ஒருவன் குடத்தை நிறுத்த மணலைக் கிளற, கல்படி தட்டுப்பட்டது என்ற கதை. தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது? எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் போனது.

அந்த அகழாய்வை நடத்திய ஹோவர்ட் கார்ட்டரின் குறிப்புகள் ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. டைரி, பொருள் அட்டைகள், ஹாரி பர்ட்டன் எடுத்த படங்கள் எல்லாம் இணையத்திலேயே பார்க்கலாம். முதல் வாரம் வீண். கார்ட்டர் அன்றன்று எழுதிய சின்ன டைரி வேறு, விரித்து எழுதிய நாட்குறிப்பு வேறு என்பது புரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து குறிப்பெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு மறுபடி தொடங்கினேன்.

பிரித்துப் படித்ததும்தான் சுவாரசியமே. 1922 நவம்பர் 26 அன்று கல்லறையின் அடைத்த வாசலில் போட்ட துளை வழியே எட்டிப் பார்த்த கார்ட்டரிடம் “ஏதாவது தெரிகிறதா?” என்று, அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு கேட்கிறார். “ஆமாம், அற்புதமாக இருக்கிறது” என்கிறது நாட்குறிப்பு. 1923இல் வந்த கார்ட்டரின் நூலில் அது “ஆமாம், அற்புதமான பொருள்கள்” ஆகிவிட்டது. உலகத்துக்கே மனப்பாடமானது இந்த இரண்டாவதுதான். அச்சுக்குப் போகும்முன் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்!

சரி, என் படிக்கு வருவோம். நவம்பர் 4 டைரியில் ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள்: கல்லறையின் முதல் படிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவ்வளவுதான். செயப்பாட்டு வினை, யாரால் என்பது இல்லை. நூலிலோ, கார்ட்டர் வந்து சேர்ந்தபோது வேலை நின்று அமைதியாக இருந்தது, ஒரு படி கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள் என்று வருகிறது. ஆக, முதலில் பார்த்தவர் கார்ட்டர் அல்ல. சிறுவனைத் தேடினேன், அங்கேயும் இல்லை. பக்கத்துக் குர்னா கிராமத்து ஹுசைன் அப்துல் ரசூல்தான் அந்தச் சிறுவன் என்று கதை பின்னாளில் பரவியது.

பர்ட்டன் படங்களில் சுமை தூக்கி வருபவர்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொருளுக்கு எண் உண்டு, ஆளுக்குப் பெயர் இல்லை. கார்ட்டர் தன் நூலில் பெயர் சொல்லி நன்றி கூறிய மேஸ்திரிகள் நால்வர்தான் கிடைத்தார்கள்: அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவத், ஹுசைன் அகமது சையது.

நூலகத்தில் சிறுவன் கதையையும் சொன்னேன், டைரி வரியையும் காட்டினேன். “அப்போ அந்தப் பையன் பொய்யா?” என்றாள் ஒரு வாண்டு. “டைரியில இல்ல கண்ணு” என்றேன். அவளுக்கு அது போதவில்லை.