பேச்சாளரை அழைக்கும் முன்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் அரிசி ஆலைகளும் கபடிக் குழுக்களும் தலைமைப் பண்பு பற்றிப் பேச ஆள் அழைக்கும்போது முதலில் சறுக்குவது தேதியில்தான். தை, மாசியில் சம்பா அறுவடை, கூட்டம் சேராது.

பேச்சுக்கு 40 நிமிடம், கேள்விகளுக்கு 20. ஒரு வாரம் முன்பே பேச்சாளர் சுமைதூக்குவோர், பெண் தொழிலாளர்கள் என நாலைந்து பேரிடம் போனில் பேசிவிட வேண்டும். முதலாளி சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பேச்சு முன்வரிசையைத் தாண்டாது. மைக் பின்வரிசைக்குத்தான் முதலில் போகவேண்டும்.

உதாரணத்துக்குக் கபடியே போதும். களத்தில் 7 பேர். எதிரணியில் ஒருவர் அவுட்டானால், நம்மில் முதலில் வெளியேறியவரே முதலில் திரும்புவார். எவ்வளவு அழகான விதி! 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வருபவருக்குப் பழைய வேலை அப்படியே காத்திருக்கிறதா? மேலாளர் அந்த மேடையிலேயே பதில் சொல்லட்டும்.