‘அன்புள்ள’வை மீட்ட வழி

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே மின்னஞ்சல் கணக்கில் இருந்தன. சர்வர் மாற்றித் தந்தவர்கள் வேலையை முடித்த பிறகு திறந்து பார்த்தால் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் பின்னம், ‘கீ’யின் மேல்சுழிக்குப் பதில் யூரோ குறி. எழுதியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை, விட்டுவிட மனசு வரவில்லை.

இந்தக் கோலமே காரணத்தைச் சொல்லிவிடும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்க இன்று பரவலாக இருக்கும் முறை யூடிஎஃப்-8. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதை விண்டோஸ்-1252, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான, பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய பட்டியல், என்று எடுத்துக்கொண்டு படித்தால் 224 அந்த ஏ, 174 அந்த ஆர். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் குறியாக்கத்தைச் சரிசெய்ய ஒரு மெனு உண்டு, ஆனால் தப்பாகப் படித்ததையே மறுபடி யூடிஎஃப்-8ஆகச் சேமித்துவிட்டதால் அதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

சரி, வந்த வழியே திரும்பிப் போவோம் என்று பைத்தான் நிரல்மொழியில் 1252 பைட்டுகளாக்கி, அதை யூடிஎஃப்-8ஆகப் படிக்கச் சொன்னேன். முதல் கடிதத்தின் முதல் சொல்லிலேயே, ‘அன்புள்ள’விலேயே, நின்றுவிட்டது. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி, எந்த எழுத்தும் கிடையாது. நமக்கோ உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளிக்கு 141, ஏ-வுக்கு 143, ஐ-க்கு 144! ‘அன்புள்ள’வில் மட்டும் புள்ளி இரண்டு, உகரம் ஒன்று. பிரெஞ்சு, ஜெர்மன் கடிதங்களில் அபூர்வமாகத் தலைகாட்டும் இந்தச் சிக்கல் தமிழில் வரிக்கு வரி வரும், அதனால் ஐரோப்பிய மொழிகளுக்காக எழுதிவைத்த வழிமுறையை அப்படியே பின்பற்றினால் பாதியில் நின்றுவிடும்.

நல்லவேளை, அந்த பைட்டுகள் தொலையவில்லை, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாக அஞ்சல்களைச் சேமித்துவைக்கும் எம்பாக்ஸ் கோப்புக்குள்ளேயே கிடந்தன. 1252 பட்டியலில் இருப்பதை அதன்படியும், இல்லாததை அதே எண்ணாகவும் மாற்றச் சொன்னதும் ‘அன்புள்ள’ முழுசாக வந்தது. கையால் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நிரலகத்தில் இந்தத் தளர்வான 1252 தயாராகவே இருக்கிறது. ஒன்று முக்கியம்: கோப்பை ஒரு பிரதி எடுத்துவைத்து அதில்தான் வேலை செய்யவேண்டும். திரையிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடலாம், அப்புறம் எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று ஊகிப்பதைத் தவிர வழியில்லை.

அதே பெட்டியில், யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தின் காலத்துக் கடிதங்களும் கொஞ்சம் இருந்தன. அதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, மெய்க்கு முன்னால் இருக்கும், யூடிஎஃப்-8 பின்பற்றும் யூனிகோடில் பின்னால் வரவேண்டும். அவற்றையும் முதலில் மூல பைட்டுகளுக்குக் கொண்டுவந்து, பிறகு ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் டிஸ்கி மாற்றியில் விட்டு எடுத்தேன்.