பழைய காருக்கு இன்ஜெக்‌ஷன்: முதலில் டேங்க்கைப் பாருங்கள்

பழைய கார்புரேட்டர் காரை, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறீர்களா? கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் 43 அல்லது 58 வேண்டும். பம்ப்பை மட்டும் மாற்றினால் போதாது, சிக்கலே டேங்க்கில்தான். பழைய டேங்க்கில் பெட்ரோல் அலைமோதாமல் தடுக்கும் தகடு இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். கால் டேங்க் பெட்ரோலோடு வளைவில் திரும்பினால் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைத்திருக்கும் மிதவைக் கிண்ணம் இதைச் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் இன்ஜின் உடனே திணறும்.

பம்ப்பை டேங்க்குக்குள்ளேயே, சுற்றிலும் சிறு தொட்டி வைத்துப் பொருத்துங்கள். பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், இரைச்சலும் குறையும். மிஞ்சிய பெட்ரோலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாய் அந்தத் தொட்டிக்குள்ளேயே விழட்டும். பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் எஸ்ஏஇ தரத்தில் 30ஆர்10 ரகமாக இருக்க வேண்டும். வெளியே போடும் 30ஆர்9 உள்ளே ஊறிக் கெட்டுவிடும். பம்ப்புக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியே தனி ஒயர் கொடுங்கள். பழைய டேங்க்கில் வெல்டிங் என்றால் கவனம்: காலியான டேங்க்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.