ராண்ட் அறிக்கைக்குப் பணம் கொடுத்தது யார்? தேடிப் பிடிக்கும் வழி

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் சுருக்கத்தைப் படிக்கும் முன் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். பழைய எண்களில் கடைசி எழுத்தே பணம் வந்த வழியைச் சொல்லிவிடும். ‘ஏ’ என்றால் அமெரிக்கத் தரைப்படை, ‘ஏஎஃப்’ என்றால் விமானப்படை, ‘ஓஎஸ்டி’ என்றால் பாதுகாப்பு அமைச்சர் அலுவலகம். 1960களின் தாள்களில் வரும் ‘பிஆர்’ என்பது ‘ப்ராஜெக்ட் ராண்ட்’, அதாவது விமானப்படையின் பணம்.

2020 வாக்கில் எண் முறை மாறியது. இப்போது ‘ஆர்ஆர்-ஏ’ என்று தொடங்கிப் பிறகு திட்ட எண் வரும். இந்த ‘ஏ’ தரைப்படையைக் குறிப்பதல்ல. எல்லா அறிக்கைக்கும் பொதுவானது. பழைய முறை பழகிய கண் இங்கேதான் ஏமாறும்.

பழைய எண் ‘ஆர்சி’ என்று முடிந்தால் ராண்ட் தன் சொந்தப் பணத்தில் செய்த ஆய்வு. அதோடு விட்டுவிட வேண்டாம். அப்படிப்பட்ட சில அறிக்கைகளின் முன்னுரையிலேயே, பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் உள்ள ‘சுயேச்சை ஆய்வு’ விதியின் கீழ் நிதி வந்தது என்று எழுதியிருக்கும். அதாவது சொந்தப் பணமும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

அடுத்தது முன்னுரை. புதியவற்றில் ‘இந்த அறிக்கை பற்றி’ என்ற பக்கம். எந்த அலுவலகம் கேட்டது, ராண்டுக்குள் எந்த மையம் செய்தது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். விமானப்படைக்கு ‘ப்ராஜெக்ட் ஏர் ஃபோர்ஸ்’, தரைப்படைக்கு ‘ஆரோயோ மையம்’. பாதுகாப்பு அமைச்சர் அலுவலகம், கூட்டுப்படைத் தலைமை, கடற்படை ஆகியவற்றுக்குத் ‘தேசியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்’. மூன்றும் அரசு நிதியில் நடக்கும் ஆய்வு மையங்கள் என்ற சட்ட வகையில் வருபவை. சாதாரண ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்காத உள் தரவு இவற்றுக்குக் கிடைக்கும். பதிலுக்கு, அந்த மையத்தின் பெயரில் தனியார் நிறுவனங்களோடு டெண்டரில் போட்டியிடக் கூடாது. ஒப்பந்தம் ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் போகாது. புதுப்பிக்கும் முன் அந்த மையம் இன்னும் தேவையா என்று பணம் தரும் துறை பரிசீலித்தாக வேண்டும்.

சில அறிக்கைகளில் ஒப்பந்த எண்ணும் இருக்கும். உதாரணம்: எஃப்ஏ7014-16-டி-1000. முதலில் வரும் ‘எஃப்ஏ7014’ ஒப்பந்தம் போட்ட அலுவலகத்தின் குறியீடு, 16 என்பது 2016 நிதியாண்டு, ‘டி’ என்றால் வேலையைப் பின்னர் தவணை தவணையாகக் கொடுக்கும் தாய் ஒப்பந்தம். அமெரிக்க அரசின் செலவு விவர இணையதளமான யுஎஸ்ஏஸ்பெண்டிங்கில் கோடுகளை நீக்கிவிட்டுத் தேடுங்கள். அசல் பணம் தாய் ஒப்பந்தத்தின் கீழ் உள்ள பணி ஆணைகளில்தான் இருக்கும். உச்சவரம்புத் தொகையைச் செலவான தொகை என்று எழுதிவிடுவது செய்திகளில் அடிக்கடி நடக்கும் பிழை. பாதுகாப்புத் துறைப் பதிவுகள் 90 நாள் தாமதமாகவே வெளியாகும் என்பதால் கடைசிக் காலாண்டு எப்போதும் மெலிந்தே தெரியும்.

லாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் ராண்டின் வருமான வரிப் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். எட்டாம் பகுதியில் ‘அரசு மானியம்’ என்ற 1இ (1e) வரியை மட்டும் பார்த்தால் கணக்கு குறைந்துவிடும். அரசுக்காகச் செய்து கொடுத்த வேலைக்கான கட்டணம் இரண்டாம் வரியில், சேவை வருமானமாக வரும். நிதியாண்டும் செப்டம்பரில் முடிகிறது. 2022 என்று போட்ட படிவம் 2023 செப்டம்பர் வரையிலான கணக்கு. ஏழாம் பகுதியில் அறங்காவலர் பெயர்கள் இருக்கும். அவர்கள் முன்பு வகித்த பதவிகளையும் பிறகு வகித்த பதவிகளையும் ஒட்டிப் பாருங்கள். டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் 1981 முதல் 1986 வரை ராண்ட் அறங்காவலர் குழுத் தலைவர். அதற்கு முன்பும் பின்பும் பாதுகாப்பு அமைச்சர்.

இத்தனையும் கிடைத்த பிறகு ‘பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) சொன்னதை எழுதிக் கொடுத்தார்கள்’ என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் சரியாக வராது. 1954-இல் வந்த ஆர்-266 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத் தளங்களை எங்கே அமைப்பது என்பதுதான் விமானப்படையின் கேள்வி. ராண்ட் ஆய்வாளர் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டரின் குழுவோ அந்தத் தளங்களே எதிரியின் முதல் அடியில் அழிந்துபோகும் என்று காட்டி, குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்காவிலேயே நிறுத்தச் சொன்னது. விடை மாறியது. ஆனால் அந்த விமானங்கள் வேண்டுமா என்பது கேள்வியாகவே எழவில்லை. பணம் கொடுப்பவரின் கை விடையை விடக் கேள்வியில்தான் அதிகம் தெரியும். எனவே முன்னுரையில் ‘எதை ஆராயும்படி கேட்கப்பட்டது’ என்ற வரியை அப்படியே எடுத்து வையுங்கள்.

மேற்கோள் காட்டும்போது ‘ராண்ட் ஆய்வு’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். ரஷ்யா மீது அழுத்தம் கொடுக்கும் வழிகளை அலசிய ஆர்ஆர்-3063-ஏ அறிக்கை என்றால் இப்படி: ‘அமெரிக்கத் தரைப்படைத் தலைமையகத்தின் நாலாண்டுப் பாதுகாப்பு மறுஆய்வு அலுவலகம் பணம் கொடுத்து, ராண்டின் ஆரோயோ மையம் செய்து, 2019-இல் வெளியான ஆய்வு.’