புல எண் புல எண்ணாகக் கரையும் முழுமைத் திட்டம்

நாளிதழின் உட்பக்கங்களில், ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அறிவிப்பு ஒன்று அவ்வப்போது வெளிவரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன புல எண்களில் (சர்வே எண்களில்) அடங்கிய நிலம் விவசாய உபயோகப் பகுதியாக உள்ளது; அதை ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்துள்ளது; ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். புறநகர்வாசி என்ற முறையில் இந்த அறிவிப்புகளை நான் விடாமல் படித்து வருகிறேன். அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பல இந்தச் சிறிய பெட்டிகளுக்குள்தான் தொடங்குகின்றன.

சி.எம்.டி.ஏ. என்று அழைக்கப்படும் இந்தக் குழுமம் 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது. முதல் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1975-இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில், 2026-ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டு நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பில் எங்கே குடியிருப்பு, எங்கே வணிகம், எங்கே தொழிற்சாலை, எந்த நிலம் விவசாயத்துக்கே விடப்பட வேண்டும் என்பதையெல்லாம் வண்ணம் பிரித்துக் காட்டும் அந்த வரைபடம், புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் தெற்குக் கடற்கரையின் நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. அதை வரைந்தவர்கள் நகரத்தை ஒரே முழுமையாகப் பார்த்தார்கள் என்பது இன்று அதைப் புரட்டினாலும் தெரியும்.

ஆனால் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, நடைமுறைக்கு வந்துவிட்ட திட்டத்தையும் இடையில் மாற்ற வழி வைத்திருக்கிறது. நில உரிமையாளர் பட்டா, வரைபடம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கிறார். அலுவலர்கள் இடத்தைப் பார்வையிடுகிறார்கள். நாளிதழில் அறிவிப்பு வருகிறது. தொழில்நுட்பக் குழு பரிசீலிக்கிறது. குழுமக் கூட்டம் முடிவெடுக்கிறது. மாற்றம் ஏற்கப்பட்டால் அரசிதழில் வெளியாகிறது. பொதுமக்கள் வாய் திறப்பதற்கான கட்டம் அந்த அறிவிப்பு மட்டுமே.

மாற்றம் கேட்பவர்கள் எல்லாரையும் குற்றவாளிகளாகப் பார்ப்பது அநியாயம். சுற்றிலும் மனைப் பிரிவுகள் வந்து, பாசனம் நின்று, பம்ப்செட்டும் வற்றிப்போன நிலையில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன பயிர் செய்வது? வரைபடத்தில் பச்சை வண்ணம் இருப்பதால் வீடு கட்டத் திட்ட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வகைப்பாட்டு மாற்றம் நியாயமான கோரிக்கையே. அதைக் காலம் தாழ்த்தாமல் தீர்ப்பதுதான் முறை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. திட்டம் வடிநிலத்தை, அதாவது மழைநீர் வடிந்து சேரும் மொத்தப் பரப்பை, பார்க்கிறது. விண்ணப்பமோ ஒரு புல எண்ணை மட்டும் பார்க்கிறது. எங்கள் பகுதியை ஒட்டிய கிராமம் ஒன்றுக்கு வந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும், எஃப்.எம்.பி. என்று எல்லாரும் சொல்லும் புலப்படத்தையும் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். குறிப்பிடப்பட்ட இரண்டு புல எண்களுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு துண்டு ஓடுகிறது. கிராமத்தின் நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. மேலே உள்ள வயல்களின் மழைநீரை ஏரிக்குக் கொண்டு சேர்க்கும் வரத்துக்கால் அதுதான். அரசு நிலம் என்பதால் விண்ணப்பத்தில் அதன் எண் இல்லை. அதனால் அறிவிப்பிலும் இல்லை. அந்த வாய்க்காலை யாரும் ஆக்கிரமிக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இரு கரையிலும் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்திச் சாலையும் போட்டுவிட்டால், வரப்புகளுக்குள் தேங்கி மெல்ல இறங்கிய தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் அந்த ஒல்லித் துண்டுக்குள் பாய வேண்டியிருக்கும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். ஒரு விண்ணப்பத்தின் 2 ஏக்கரால் ஏரிக்கு எதுவும் ஆகிவிடாது என்று அறிக்கை எழுதலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அதே ஏரிக்கு மேலே இருபத்தைந்து விண்ணப்பங்கள் தனித்தனியாக வந்து, தனித்தனியாக ஏற்கப்பட்டால், 50 ஏக்கரின் 2 கோடி லிட்டருக்கு யார் பதில் சொல்வது? நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் அந்தந்த மனைக்கே வழங்கப்படுவதால், கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்க்கும் மேசை எதுவும் இந்த வரிசையில் எனக்குத் தென்படவில்லை.

நியூயார்க் நகரத் திட்டமிடல் ஆணையத்தின் நடைமுறையிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. 13 உறுப்பினர்கள் கொண்ட அந்த ஆணையத்தின் வழக்கமான முறையில், மண்டல (நில உபயோக) மாற்ற விண்ணப்பம் முழுமையானது என்று சான்றளிக்கப்பட்ட நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது: வட்டாரச் சமூகக் குழுவுக்கு 60 நாள், பரோ எனப்படும் நகரப் பிரிவின் தலைவருக்கு 30 நாள், ஆணையத்துக்கு 60 நாள், நகர மன்றத்துக்கு 50 நாள். சான்றளிப்புக்கு முந்தைய சுற்றுச்சூழல் ஆய்வு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனால் ஆணையம் வெளியிடும் அறிக்கையில் யார் எந்தக் காரணம் சொல்லி எதிர்த்தார்கள், அதை ஆணையம் எப்படி எடைபோட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். தன் வாதம் ஏன் ஏற்கப்படவில்லை என்பதை எதிர்த்தவர் எழுத்தில் படிக்க முடிகிறது. அந்த ஒரு ஏற்பாடு மட்டும் இங்கே வந்தாலே ஆட்சேபணை எழுதுபவர்களின் எண்ணிக்கை கூடும் என்று நம்புகிறேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம். 2022-இல் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் அரசாணையும் வந்துவிட்டது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்களும் வேலைப் பட்டியலில் சேர்ந்துள்ளன. இத்தனை பெரிய பணிகளைச் சுமக்கும் அமைப்பு, தனித்தனி மனைகளின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் நேரத்துக்கும் கேடு, நகரத்துக்கும் கேடு. ஒரே ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் வரும் விண்ணப்பங்களை ஒன்றாகக் கட்டி, ஆண்டுக்கு இரண்டு தவணைகளில், வரத்துக்கால்கள் குறிக்கப்பட்ட ஒரே வரைபடத்தின் மீது வைத்துப் பரிசீலிப்பது என்று வேலைத் திட்டத்தை மாற்றியமைக்கலாம். சிறு உரிமையாளருக்கும் தன் கோப்பு எந்த மாதத்தில் முடிவாகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அதுவரை செய்யக்கூடியது, வரும் அறிவிப்புகளுக்குத் தகவலோடு பதில் எழுதுவது. பொத்தாம்பொதுவாக எதிர்ப்பு தெரிவிக்கும் கடிதத்துக்குப் பலம் குறைவு. புல எண்ணைக் குறிப்பிட்டு, அதை ஒட்டிய வாய்க்கால் புறம்போக்கின் எண்ணையும் எழுதி, புலப்படத்தின் நகலை இணைத்து, மழையின்போது எடுத்த புகைப்படங்களைத் தேதியோடு வைத்து, கெடு முடிவதற்குள் குழுமத்தின் உறுப்பினர்-செயலர் பெயருக்கு, அதன் அலுவலகமான எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன். வாய்க்காலின் இரு கரையிலும் குறிப்பிட்ட அகலத்தை உயர்த்தாமல் விட வேண்டும் என்பதையும், மாற்றம் ஏற்கப்பட்டால் அதை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் கடைசிப் பத்தியில் தனிக் கோரிக்கையாக எழுதியிருக்கிறேன்.