தம்பியும் கிளினிக் கொப்பியும்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 11
தம்பி இன்றைக்கும் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் வாங்கிவந்து கையில் கட்டிவிட்டா. கட்டட்டும், அது அம்மாவின் ஆறுதல். நாளைக்கு நான் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

ஜூன் 12
மனநலக் கிளினிக். டொக்டர் அவனுடைய சோர்வைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். "நித்திரையே கொள்ளாமல், அலுப்பும் இல்லாமல் திரிஞ்ச காலம் இருக்கோ? அப்ப காசு எப்பிடிச் செலவழிச்சவர்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டா.

இருந்தது. தை மாசம் விடியவிடிய இருந்து நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் கட்டப் படம் கீறினான். கண்டவரிடமெல்லாம் கடன் வாங்கிக் காணிக்கு அட்வான்ஸ் கொடுத்தான். அவன் கதைக்கத் தொடங்கினால் இடையில் ஒருவரும் வாய் திறக்கேலாது. ஊர்ச்சனம் "பெடியன் முன்னுக்கு வந்திட்டான்" என்றது.

அதுவும் வருத்தம்தானாம். பைபோலர், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருகிற வருத்தம். சோர்வை மட்டும் சொல்லி, சோர்வுக்கான குளிசையை மட்டும் எடுத்தால் அந்த எழுச்சி திரும்பக் கிளம்பலாம். வீட்டில் ஒருவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவர்களே, உசாராய் இருந்த நாட்களையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஜூன் 14
பெரியப்பா வந்தார். "அங்கொடைக்கோ அனுப்பப் போறியள்?" என்று தம்பிக்குக் கேட்கவே கேட்டார். அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்து மனநல ஆஸ்பத்திரி. "அவனுக்கு முன்னால இப்பிடிக் கதையாதேங்கோ பெரியப்பா" என்றேன். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

இரவு தம்பியிடம் நேராகவே கேட்டேன், சாகவேணும் போல இருக்கோ என்று. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைக்காது, கேட்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தா. கனநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நினைப்பு வரும் அக்கா. செய்யமாட்டன்." குளிசைகளை என் அலுமாரியில் பூட்டினேன். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அவனுடைய போனிலும் என்னுடையதிலும் போட்டுவைத்தேன். காலமை டொக்டரிடம் சொல்லவேண்டும்.

ஜூன் 20
சிறுநீரகம், தைரொயிட் இரண்டுக்குமான இரத்தப் பரிசோதனை சரி. லித்தியம் தொடங்கியாயிற்று. 1949இல் ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் எழுச்சி நிலைக்கு இது உதவும் என்று எழுதினார். இன்றைக்கும் இது முக்கிய மருந்து.

ஆனால் கச்சான் காற்று வீசுகிற இந்த வெக்கையில் கவனம் வேண்டும். வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது. அம்மா நேர்ந்துவைத்த, தண்ணீர்கூடக் குடியாத விரதம் அவனுக்கு வேண்டாம், அம்மாவே பிடிக்கட்டும். ஐபுபுரோஃபென் மாதிரி நோக்குளிசைகளைக் கேளாமல் போடக்கூடாது. வயிற்றோட்டம், வாந்தி, கை பலமாய் நடுங்குவது, நடை தள்ளாடுவது என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

ஜூலை 3
கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் எடுத்த இரத்தத்தில் லித்தியம் அளவு 0.7. நல்ல அளவாம். பின்னேரம் டச் பே கடற்கரை வரைக்கும் நடந்துபோய் வந்தான்.

"சுகமானாப் பிறகு நிப்பாட்டலாமோ?" என்று கேட்டான். திடீரென்று விட்டால் எழுச்சி திரும்பி வரலாம், குறைப்பதென்றாலும் டொக்டரோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் என்றேன். "அந்தத் தை மாசம் நல்லா இருந்தது அக்கா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. டொக்டரிடம் நீயே கேள் என்றேன். அடுத்த கிளினிக் 17ஆம் திகதி. கேட்கவேண்டியதைக் கொப்பியின் பின்பக்கத்தில் தானே எழுதிவைத்திருக்கிறான்.